அட்டையில் இரண்டு பெயர் போட்டால்: ஒரு ஜாஸ் ஆல்பம் பதிந்த அனுபவம்

பாடகர் இல்லாத, முழுக்க வாத்தியம் மட்டுமே உள்ள ஜாஸ் ஆல்பம் ஒன்றை இரண்டு பேர் சேர்ந்து போட்டோம் என்று சொன்னதும் பலரும் கேட்பது, எந்த மைக் வைத்தீர்கள், எந்த சாஃப்ட்வேரில் பதிந்தீர்கள் என்பதுதான். மைக் விஷயத்துக்குக் கீழே வருகிறேன். அதற்கெல்லாம் முன்னால் நாங்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்தது வேறு ஒன்று: ஒரு டியூனில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் யார் சொல்வது எடுபடும்? இதைப் பேசாமல் ஸ்டூடியோவுக்குள் போயிருந்தால் எவ்வளவு நல்ல மைக் இருந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது.

நான் பியானோ. சேர்ந்து போட்டவர் டெனர் சாக்ஸபோன் வாசிப்பவர், வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். டபுள் பேஸுக்கும் டிரம்ஸுக்கும் வேறு இரண்டு பேர். செலவும் தலைவலியும் எங்கள் இருவருடையது. மேடையில் ஒருவர் கண்ஜாடை காட்டினால் இன்னொருவர் சோலோவை (தனி வாசிப்பை) முடித்துக்கொள்வார், நிகழ்ச்சி முடிந்தால் அதெல்லாம் மறந்தும் போகும். பதிவு அப்படி இல்லை. டெம்போ (வேகம்) கொஞ்சம் கூடவா, முதல் சோலோ யாருக்கு, எந்த டேக் (ஒருமுறை வாசித்துப் பதிந்தது) நல்ல டேக், சிம்பல் சத்தம் அதிகமா என்று சின்னச் சின்ன முடிவுகள் வந்துகொண்டே இருக்கும், எல்லாவற்றிலும் இருவருக்கும் பாதிப் பாதி அதிகாரம் என்று வைத்தால் எதுவும் நகராது. அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். டியூனை எழுதியவர்தான் அந்த டியூனுக்குத் தலைவர். டெம்போ, சோலோ வரிசை, டேக் தேர்வு எல்லாம் அவர் சொல்வதுதான். மற்றவர் கருத்துச் சொல்லலாம், ஒருமுறை சொல்லலாம், அதோடு சரி. இருவரும் எழுதாத, பலரும் வாசிக்கும் பழைய ஸ்டாண்டர்டு டியூன்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம்.

இதில் எங்களுக்கு முன்மாதிரி 1962 செப்டம்பர் 26 அன்று பியானோக்காரர் டியூக் எல்லிங்டனும் சாக்ஸ் வாசிப்பவரான ஜான் கோல்ட்ரேனும் சேர்ந்து பதிந்த ஆல்பம். எல்லிங்டனுக்கு அப்போது 63 வயது, கோல்ட்ரேனுக்கு 36. இருவரும் தத்தம் குழுவின் பேஸ்காரரையும் டிரம்மரையும் அழைத்து வந்து, டியூனுக்கு டியூன் மாற்றி வாசிக்க வைத்தார்கள். ஆளுக்கொரு ரிதம் செக்‌ஷன் என்பது எங்களுக்குக் கட்டுப்படியாகாது, ஆனாலும் அதில் உள்ள யோசனை பிடித்திருந்தது: ஒவ்வொரு டியூனும் ஒருவருடைய வீடு, மற்றவர் அங்கே விருந்தாளி. அந்த ஆல்பத்தின் ஏழு டியூன்களில் கோல்ட்ரேன் தனியாக எழுதியது ஒன்றே ஒன்றுதான் என்பதையும் கவனியுங்கள். சேர்ந்து போடுவது என்றால் சரிபாதி எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஒத்திகையில் நாங்கள் சோலோ வாசிக்கவே இல்லை, அதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சோலோ அன்றைக்கு வருவதுதானே, அதை ஒத்திகை பார்த்தால் சரக்கு அங்கேயே தீர்ந்துவிடும். ஒத்திகை பார்த்ததெல்லாம் ஆரம்பம், முடிவு, ஒரு சோலோவிலிருந்து அடுத்த சோலோவுக்குப் போகிற இடம். ஜாஸ் பதிவில் டேக் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான். ஹெட்டை (டியூனின் மூல மெட்டை) எல்லோரும் சேர்ந்து வாசித்து முடித்ததும் முதல் சோலோ ஆரம்பிக்கிற அந்த இரண்டு பார் (நான்கு அடி சேர்ந்தது ஒரு பார்) இருக்கிறதே, அங்கேதான் ‘நீயா நானா’ என்ற தயக்கம் வரும், அது ஸ்பீக்கரில் கேட்டால் அப்பட்டமாகத் தெரியும்.

நோட்ஸ் எழுதுவதில் ஒரு விஷயம். டெனர் சாக்ஸுக்கு எழுதுவதும் பியானோவுக்கு எழுதுவதும் ஒன்றல்ல, அவர் தாளில் சி என்று பார்த்து வாசித்தால் காதில் விழுவது பி ஃபிளாட், அதுவும் ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே. அதனால் ஒவ்வொரு டியூனுக்கும் இரண்டு தாள். இரண்டு தாளிலும் பார் எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும், வரிக்கு நான்கு பார் என்ற கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘17ஆவது பாரிலிருந்து போகலாம்’ என்று கன்ட்ரோல் ரூமிலிருந்து சொன்னால் நான்கு பேரும் ஒரே இடத்தில் கை வைக்க வேண்டும். ஸ்டூடியோ வாடகை மணிக்கணக்கில் ஓடும்போது ‘என் தாள்ல அது வேற இடம்’ என்று பேசிக்கொண்டிருப்பதைவிடக் கடுப்பான விஷயம் கிடையாது.

அப்புறம் நீளம். இதைக் கணக்குப் போடாமல் போகிறவர்கள்தான் அதிகம். வழக்கமான 32 பார் டியூனை நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் வாசித்தால் ஒரு கோரஸுக்கு, அதாவது டியூன் ஒரு சுற்று முடிய, 64 விநாடி ஆகும். ஹெட் ஒருமுறை, மூன்று பேர் ஆளுக்கு இரண்டு கோரஸ் சோலோ, கடைசியில் திரும்ப ஹெட். மொத்தம் எட்டு கோரஸ், எட்டரை நிமிடம். எல்.பி.யாகவும் (பெரிய வினைல் இசைத்தட்டு) போட வேண்டும் என்று நினைத்திருந்தோம், ஒரு பக்கத்துக்கு 20, 22 நிமிடத்துக்கு மேல் போனால் ஒலியின் அளவையும் கீழ் ஒலிகளையும் குறைத்துத்தான் வெட்ட வேண்டியிருக்கும். அப்படியானால் இந்த நீளத்தில் பக்கத்துக்கு இரண்டு டியூன், கொஞ்சம் மிச்சம். எல்லா டியூனிலும் எல்லோரும் சோலோ என்ற மேடைப் பழக்கத்தை அங்கேயே விட்டோம். 1948இல் எல்.பி. வருவதற்கு முன்னால் 78 ஆர்.பி.எம். தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும், அதற்குள் எட்டு பார் சோலோவில் பேர் வாங்கிய ஆட்கள் இருந்தார்கள். ஒரு டியூனில் பேஸ் மட்டும் சோலோ, இன்னொன்றில் சோலோவே கிடையாது, ஹெட்டையே மூன்று விதமாக வாசித்து முடித்தோம். ஆல்பத்தைக் கேட்டவர்கள் அதிகமாகச் சொன்னது அந்தச் சோலோ இல்லாத டியூனைப் பற்றித்தான், எனக்கு லேசான வருத்தமும் உண்டு.

சரி, மைக்குக்கு வருவோம். உண்மையில் மைக்கைவிட யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதுதான் பெரிய கேள்வி. நான்கு பேரையும் ஒரே அறையில் வைத்தால் டிரம்ஸ் சத்தம் பியானோ மைக்கில் கசியும், சாக்ஸ் எல்லா மைக்கிலும் கசியும். ஆளுக்கொரு பூத்தில் அடைத்தால் கசிவு இல்லை, பிறகு எதை வேண்டுமானாலும் திருத்தலாம், ஆனால் எல்லோரும் ஹெட்ஃபோனை நம்பித்தான் வாசிக்க வேண்டும். ஒரே பாலட் (மெதுவான, மென்மையான) டியூனை இரண்டு விதமாகவும் பதிந்து பார்த்தோம். பூத்தில் பதிந்தது சுத்தமாக இருந்தது, ஒவ்வொரு வாத்தியமும் துல்லியம். ஆனால் என் ஹெட்ஃபோனில் டிரம்மரின் பிரஷ் (குச்சிக்குப் பதிலாக வாசிக்கும் தூரிகை) சத்தம் நிஜத்தில் இருப்பதைவிடப் பெரிதாக விழுந்ததால் நான் என்னையறியாமல் கொஞ்சம் அழுத்தி வாசித்தேன், நான் அழுத்தியதைக் கேட்டு அண்ணன் ஊதலைக் கூட்டினார், பாலட் பாலட்டாக இல்லை. ஒரே அறையில் வாசித்தபோது டிரம்மர் தானாகவே கையை அடக்கிக்கொண்டார், ஏனென்றால் பேஸ் தன் காதில் விழ வேண்டுமே. அறையில் உள்ளவர்கள் தாங்களே ஒலியைச் சமன் செய்துகொள்ளும்போது மைக்குக்கு வேலை குறைவு. ஒரே அறைதான் என்று முடிவாயிற்று.

அதற்கான விலையையும் சொல்லிவிடுகிறேன். வேகமான டியூன் ஒன்றின் நல்ல டேக்கில், சோலோ உச்சத்தில் இருக்கும்போது சாக்ஸ் ரீடு கீச்சென்றது. சாக்ஸ் மைக்கில் மட்டும் என்றால் அந்த ஒரு இடத்தைத் திரும்ப வாசித்து ஒட்டியிருக்கலாம். அந்தக் கீச்சு பியானோ மைக்கிலும் டிரம்ஸ் ஓவர்ஹெட் மைக்கிலும் தெளிவாகப் பதிவாகியிருந்தது. ஒரு கோரஸ் முழுவதையும், நான்கு பேரையும் சேர்த்து, முந்தைய டேக்கிலிருந்து எடுத்துத்தான் ஒட்ட முடிந்தது. ஒரே அறையில் பதிவதென்றால் ஒருவருடைய தவறு எல்லோருடைய தவறு, ஒருவருக்கு டேக் பிடிக்கவில்லை என்றால் எல்லோரும் திரும்ப வாசிக்க வேண்டும். இதற்குச் சம்மதம்தானா என்று நான்கு பேரையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், ஒட்டி ஒட்டிச் சரிசெய்தே பழகிய ஆளுக்கு இது ஒத்துவராது.

உட்காரும் இடத்துக்கு நாங்கள் வைத்த ஒரே விதி: எல்லோர் கண்ணும் எல்லோருக்கும் தெரிய வேண்டும். பியானோவின் மூடி திறக்கும் பக்கத்தை டிரம்ஸுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி, சின்னக் குச்சியில் நிறுத்தி, மேலே கனமான கம்பளி. பேஸுக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் இடுப்பளவு தடுப்பு. சாக்ஸுக்கு ரிப்பன் மைக்; எட்டு வடிவத்தில், அதாவது முன்னும் பின்னும் மட்டும், ஒலி வாங்கும் மைக்குக்குப் பக்கவாட்டில் காது கேட்காது, அந்தச் செவிட்டுப் பக்கத்தை டிரம்ஸ் நோக்கித் திருப்பினால் கசிவு பாதி குறைந்த மாதிரி இருக்கும். தூரத்தையும் கவனிக்க வேண்டும், ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி எடுக்கும், பேஸ் ஆறு மீட்டர் தள்ளி நின்றால் அவர் விரல் தட்டியது எனக்கு 17, 18 மில்லி விநாடி கழித்துத்தான் வரும். வேகமான டியூனில் அது இழுப்பதுபோல் தெரியும், யார் இழுக்கிறார்கள் என்று சண்டையும் வரும். நெருங்கி உட்காருங்கள். கொஞ்சம் கசிந்தால் கசியட்டும்.

ஹெட்ஃபோனைப் பற்றிச் சுருக்கமாக. ஆளுக்கொரு சின்ன மிக்ஸர் கொடுத்தால் எல்லோரும் தங்கள் சத்தத்தைத்தான் முதலில் ஏற்றுவார்கள், ஒரு மணி நேரத்தில் எல்லோருடைய ஹெட்ஃபோனும் அலறும், பிறகு வாசிப்பும் அலறும். நாங்கள் பேஸ் மட்டும் கொஞ்சம் கூட்டி, ஒரு காதில் மாட்டிக்கொண்டு வாசித்தோம், சில டியூன்களில் அதையும் கழற்றிவிட்டோம். கிளிக் (வாசிக்கும்போது காதில் தாளம் தட்டும் ஒலி) வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் டிரம்மர் மெட்ரனோமை நான்கு பார் காதில் கேட்டுவிட்டுத்தான் கவுண்ட் கொடுப்பார். இதை விட்டுவிடாதீர்கள். மதியத்துக்கு மேல் எல்லோருக்கும் டெம்போ ஏறும், காலையில் எடுத்த டேக்கையும் மாலையில் எடுத்த டேக்கையும் ஒட்டப் போனால் ஒட்டாது.

சுருதி விஷயம் தனிக்கதை. ஏ.சி. ஓடினால் அதன் சத்தம் மைக்கில் விழும், குறிப்பாக பாலட்டில். டேக் எடுக்கும்போது நிறுத்துவார்கள். நிறுத்தினால் அறை சூடாகும். அறை சூடானால் சாக்ஸின் சுருதி ஏறும், ஏனென்றால் குழாய்க்குள் இருக்கும் காற்றில் ஒலியின் வேகம் கூடுகிறது. அதே சூட்டில் பியானோ கம்பி நெகிழ்ந்து கொஞ்சம் இறங்கும். அதாவது ஆல்பத்துக்குத் தலைவர்களான எங்கள் இரண்டு வாத்தியமும் எதிரெதிர்த் திசையில் போகும். காலையில் பியானோவின் ‘ஏ’வை 440 ஹெர்ட்ஸுக்கு வைத்துச் சுருதி சேர்த்துவிட்டுப் போன ஆள் மதியமும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகும்படி ஏற்பாடு செய்திருந்தோம், செலவில் முணுமுணுக்காமல் கொடுத்த பணம் அதுதான். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் நான் ‘ஏ’ ஒன்றை மெதுவாக அழுத்திப் பிடிப்பேன், அண்ணன் அதே ஸ்வரமான தன் தாளின் ‘பி’யை ஊதிப் பார்ப்பார், கார்க்கில் மாட்டியிருக்கும் மவுத்பீஸை நூலளவு வெளியே இழுப்பார். அவ்வளவுதான். இதற்குப் பத்து விநாடி. இதைத் தவறவிட்டால் ஹெட்டில் நாங்கள் சேர்ந்து வாசிக்கும் ஒவ்வொரு நீள ஸ்வரமும் அலையடிக்கும், அதை மிக்ஸில் சரிசெய்ய வழி இல்லை.

பதிவின் ஆரம்பத்தில் பியானோவின் ‘ஏ’வை அரை நிமிடம் தனியாகப் பதிந்து வைப்பதும் நல்லது. 1959இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் பதிந்த ‘கைண்ட் ஆஃப் புளூ’வின் முதல் பக்கம் பல வருடங்கள் சற்றே ஏறிய சுருதியில்தான் விற்பனையானது, பதிந்தபோது டேப் மெஷின் மெதுவாக ஓடியதுதான் காரணம். 1992இல் வந்த மறுவெளியீட்டில்தான் சரிசெய்தார்கள். அவ்வளவு பெரிய ஆல்பத்துக்கே அப்படி. இப்போது டேப் இல்லை என்றாலும் 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்த கோப்பை 48 என்று நினைத்துத் திறந்தால் இதே கூத்து, சுருதி கிட்டத்தட்ட ஒன்றரை செமிடோன் (ஒரு செமிடோன் என்பது அரை ஸ்வரம்) ஏறிவிடும். அது காதில் உடனே தெரிந்துவிடும் என்பதால் ஆபத்தில்லை, சின்ன வித்தியாசம்தான் ஆபத்து.

வாசிப்பைப் பற்றிச் சொல்லாமல் கருவியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். பியானோவும் சாக்ஸும் சேரும்போது பியானோக்காரருக்குள்ள பெரிய சோதனை, சும்மா இருப்பது. டபுள் பேஸின் அடிக்கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ், அங்கிருந்து மேலே இரண்டு ஆக்டேவ் அவருடைய ராஜ்யம். என் இடது கை அங்கே போய் கார்டின் (சேர்த்து வாசிக்கும் ஸ்வரக் கூட்டத்தின்) அடிப்படையான ரூட் ஸ்வரத்தை அழுத்தினால் இரண்டும் சேர்ந்து சேறாகிவிடும். தனியாக வாசித்தே பழகிய கைக்கு இந்தப் பழக்கம் லேசில் போகாது. கார்டில் மூன்றாவது ஸ்வரத்தையும் ஏழாவது ஸ்வரத்தையும் மட்டும் நடு ஸ்தாயியில் வைத்துக்கொண்டு ரூட்டைப் பேஸிடம் விட்டுவிட வேண்டும். ஒரு புளூஸ் டேக் முடிந்ததும் அண்ணன் என்னிடம் வந்து, “தம்பி, என் ரெண்டாவது கோரஸ்ல கையை எடுத்துடு. பேஸும் டிரம்ஸும் போதும். மூணாவதுல வா” என்றார். அது நான் எழுதிய டியூன், எங்கள் ஏற்பாட்டின்படி நான் மாட்டேன் என்று சொல்லலாம். அடுத்த டேக்கில் எடுத்துப் பார்த்தேன். ஒரு புளூஸ் கோரஸின் 12 பார் முழுக்கக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் பியானோ இல்லாத அந்த இடத்தில் சாக்ஸ் எங்கெல்லாமோ போய்வந்தது, கார்டைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லையே. மூன்றாவது கோரஸில் நான் திரும்ப நுழைந்த முதல் கார்டு, வாசித்ததிலேயே சாதாரண கார்டு, ஆல்பத்தில் அதுதான் பளிச்சென்று கேட்கிறது. அந்த டேக்கைத்தான் போட்டோம்.

டேக் எத்தனை? என் அபிப்பிராயம், மூன்றுக்கு மேல் வேண்டாம். முதல் டேக்கில் எல்லோரும் கேட்டுக் கேட்டு வாசிப்பார்கள், சில இடம் தடுமாறும். இரண்டாவதில் தடுமாற்றம் போய்விடும், கேட்பது இன்னும் இருக்கும். மூன்றாவதில் போன டேக்கில் நன்றாக வந்ததைத் திரும்பச் செய்ய முயல்வார்கள், அங்கேதான் ஜாஸ் செத்துப்போகிறது. வரவில்லை என்றால் வேறு டியூனுக்குப் போய்விட்டு வாருங்கள், மூடு மாறியிருக்கும். இன்னொன்று, ஒவ்வொரு டேக் முடிந்ததும் நான்கு பேரும் எழுந்து கன்ட்ரோல் ரூமுக்கு ஓடிப் போய்க் கேட்காதீர்கள். அங்கே எல்லோரும் தன்னைத்தான் கேட்பார்கள், முகம் வாடும், திரும்பி வந்து உட்காரும்போது சூடு போயிருக்கும். ஒலி சரியா என்று முதல் டேக்கை மட்டும் கேட்டால் போதும். வாசிக்காத யாராவது ஒருவர் தாளில் ‘இரண்டாவது டேக், முடிவு நன்று, பேஸ் சோலோ நன்று, ஹெட்டில் சாக்ஸ் பிந்தியது’ என்று எழுதிக்கொண்டே வர வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும்.

முடிவைப் பற்றி இன்னும் கொஞ்சம். கடைசிக் கார்டு வாசித்ததும் டேக் முடியவில்லை. ரைடு சிம்பலின் ஒலி தேயத் தேய பத்துப் பதினைந்து விநாடி போகும், நான் பெடலை மிதித்துக்கொண்டிருந்தால் பியானோ கம்பிகளும் அந்தச் சிம்பலுக்கு மெலிதாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பியானோ ஸ்டூல் கிறீச்சிடும், பெடலிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் டொக்கென்று கேட்கும், சாக்ஸின் பேடுகள் மூடும் சத்தம் கேட்கும், யாராவது ‘சூப்பர்’ என்பார்கள். எங்கள் என்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைத் தூக்கிப் பிடித்திருப்பார், அவர் கையை இறக்கும்வரை மூச்சுகூடப் பார்த்துத்தான். அறையின் வெறும் நிசப்தத்தையும் ஒரு நிமிடம் பதிந்து வைத்தோம், ஒட்டு வேலையில் டியூனுக்கு முன்னும் பின்னும் அது தேவைப்பட்டது.

எந்த டேக் என்று தேர்ந்தெடுப்பதை அன்றைக்கே செய்யவில்லை. காது ஆறட்டும் என்று விட்டுவிட்டு, இருவரும் தனித்தனியாகக் கேட்டுத் தாளில் எழுதி ஒப்பிட்டோம். அநேகமாக ஒத்துப்போனது. ஒத்துப்போகாத ஒரு டியூன் அண்ணனுடையது: ஒரு டேக்கில் என் சோலோ நான் ஸ்டூடியோவில் வாசித்ததிலேயே நல்லது, இன்னொன்றில் என் சோலோ சுமார், ஆனால் பேஸும் டிரம்ஸும் ஒரே ஆள்போல ஓடியிருக்கும். அவர் இரண்டாவதை எடுத்தார். நான் ஒருமுறை சொன்னேன், கேட்டுக்கொண்டார், மாற்றவில்லை. சரியான முடிவு அது. டேக்கை அடியிலிருந்து மேலாகக் கேளுங்கள், முதலில் பேஸ் டிரம்ஸ், பிறகு ஹெட், சோலோ கடைசியில். சோலோவில் ஒரு சறுக்கலைக் கேட்பவர் மன்னிப்பார், இழுத்துக்கொண்டு போகும் ரிதத்தை மன்னிக்கமாட்டார்.

ஒட்டி எடுப்பது ஜாஸுக்குத் துரோகம் என்று பேசுபவர்கள் உண்டு. 1969இல் வெளிவந்த, மைல்ஸ் டேவிஸின் ‘இன் எ சைலன்ட் வே’ ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில், ஆரம்பப் பகுதியையே டேப்பில் நகலெடுத்து முடிவாகவும் ஒட்டினார் தயாரிப்பாளர் டியோ மசேரோ. எவ்வளவு வரை போகலாம் என்பதை மட்டும் முன்பே பேசிவிடுங்கள். முழு கோரஸாக மாற்றலாம், தனி ஸ்வரத்தைத் திருத்தக் கூடாது, சுருதித் திருத்தம் கூடாது என்பது எங்கள் கோடு.

மிக்ஸிங்கில் இரண்டு தலைவர்கள் இருந்தால் என்ன நடக்கும் என்று தெரியும்தானே? பியானோவை ஏற்று, சாக்ஸை ஏற்று, பியானோவை ஏற்று. அதற்கு நாங்கள் வைத்த விதி வேடிக்கையானது, வேலை செய்தது. என் பியானோவைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது, சாக்ஸைப் பற்றி அவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர் வாத்தியத்தைப் பற்றி மட்டும் சொல்லலாம். ‘பியானோ வலது கை கொஞ்சம் கூர்மையா இருக்கு’ என்று அவர் சொன்னால் அதில் தன்னலம் இல்லை, என்ஜினியரும் நிம்மதியாகக் கேட்டுக்கொள்வார். டிரம்ஸை எந்தப் பக்கத்திலிருந்து கேட்பது, டிரம்மர் இடத்திலிருந்தா கேட்பவர் இடத்திலிருந்தா என்று முடிவுசெய்து, ஆல்பம் முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வாத்தியத்துக்கும் ஒரே ரிவெர்ப் (செயற்கை எதிரொலி), அதுவும் கொஞ்சமாக. அறையின் ஒலி ஏற்கெனவே மைக்கில் இருக்கிறது.

மாஸ்டரிங்கில் (வெளியிடுவதற்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பில்) சத்தத்தை நெருக்கி ஏற்ற விடாதீர்கள். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எப்படியும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துவிடும், நெருக்கியதில் பிரஷ்ஷின் மென்மை போவதுதான் மிச்சம். எல்.பி.யில் பக்கத்தின் கடைசிப் பகுதியில், லேபிளுக்கு அருகே, ஊசி கடக்கும் நீளம் குறைவதால் ஒலி சிதையும். அதனால் பாலட்டைப் பக்கத்தின் கடைசியில் வைத்தோம், சிம்பல் வெடிக்கும் டியூனை முதலில். அடுத்தடுத்து ஒரே சுருதியில் இரண்டு டியூன் வராமலும் பார்த்துக்கொண்டோம்.

பணமும் உரிமையும் ஸ்டூடியோவுக்குப் போவதற்கு முன்பே தாளில் இருக்க வேண்டும். டியூனின் உரிமை வேறு, பதிவின் உரிமை வேறு. டியூன் எழுதியவருக்கு, பதிவு எங்கள் இருவருக்கும் சரிபாதி, பேஸ்காரருக்கும் டிரம்மருக்கும் சம்பளம் போக வருமானத்தில் ஒரு பங்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். என் டியூன் ஒன்றுக்கு அண்ணன் எட்டு பார் முன்னுரை ஒன்று சேர்த்தார், அருமையான முன்னுரை, அது டியூன் எழுதியதில் சேருமா இசைக்கோர்ப்பில் சேருமா என்ற கேள்வி வந்தது. அந்த டியூனில் அவருக்கும் பங்கு என்று அங்கேயே எழுதிவிட்டோம். இந்தப் பேச்சை நண்பர்களுக்குள் எப்படிப் பேசுவது என்று கூச்சப்படுகிறவர்கள் ஆல்பம் நன்றாகப் போனால் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. ஸ்டாண்டர்டு டியூன்களுக்கு உரிமம் தனியாக வாங்க வேண்டும். விநியோகத் தளத்தில் ஏற்றும்போது இருவர் பெயரையும் ஒரே கட்டத்தில் ‘இன்னார் மற்றும் இன்னார்’ என்று அடிக்கக் கூடாது, அடித்தால் அப்படி ஒரு புதிய கலைஞர் பக்கம் உருவாகிவிடும். இரண்டு முதன்மைக் கலைஞர்கள் என்று தனித்தனியாகச் சேர்த்து, அவரவர் பழைய பக்கத்தோடு இணைக்க வேண்டும்.

கடைசியாக, எல்லா டிராக்கையும் தொடக்கப் புள்ளியிலிருந்து தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து ஆளுக்கொரு வன்தட்டில் வைத்துக்கொள்ளுங்கள், சாஃப்ட்வேர் கோப்பை மட்டும் நம்ப வேண்டாம், பத்து வருடம் கழித்து அது திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆல்பத்தில் இடம் பிடிக்காத டேக்குகளும் அதிலேயே இருக்கட்டும், என்னுடைய அந்த நல்ல சோலோவும் அங்கேதான் இருக்கிறது, எப்போதாவது போனஸாகப் போடலாம் என்று அண்ணனிடம் கேட்டுப் பார்த்தேன், ‘பார்க்கலாம்’ என்றார்.